பெத்லகேம் ரயிலுக்கு ஓர் அடாப்டர்

எங்கள் வீட்டுக் குடிலில் பெத்லகேமுக்கு ரயில் போகும். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கிறார்கள். வைக்கோல், ஆட்டுக்குட்டி, மாதா, சூசையப்பர், தொட்டிலில் பாலன், அதோடு முடித்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் கிளாரன்ஸ் எதையும் அதோடு முடித்துக்கொள்ளும் ஆள் இல்லை. ஒரு பெரிய பலகையில் தண்டவாளம் பதித்து, இடது பக்கம் குடிலையும் வலது பக்கம் தான் வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையையும் வைத்து, இரண்டையும் சுற்றி ரயில் விட்டார். மூன்று ராஜாக்களை ஒட்டகத்திலிருந்து இறக்கிச் சரக்குப் பெட்டியில் ஏற்றினார். பெத்லகேமில் ஏது செம்பனை ஆலை என்று ஃபாதர் ஒருமுறை கேட்டுவிட்டார். "அந்த ஊருக்கும் கரண்ட் வேணும்ல ஃபாதர்" என்றார் இவர். அதற்குப் பிறகு ஃபாதர் எங்கள் குடிலைப் பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆலையில் இவர் சார்ஜ்மேன். அந்த ஆலைக்குள் ஓடும் கரண்டுக்கெல்லாம் இவர்தான் பொறுப்பு. வீட்டிலும் அதே பதவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஒரு பிளக்கைத் தொட்டதில்லை. இஸ்திரிப் பெட்டியை மாட்டுவதற்குக்கூட இவர் வர வேண்டும். "மவுரீன், உனக்குச் சமையல், எனக்குக் கரண்ட்" என்பார். சமையலில் மட்டும் இவர் தாராளமாக மூக்கை நுழைப்பார்.

போன வருடம் தவக்காலத்தில் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டதாம். "வலது பக்கம் போயிடுச்சு" என்றார் டாக்டர். கையும் காலும் என்று புரிந்துகொண்டேன். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. ஆமா. பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் ஆமா. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் ஆமா போடாத மனிதர், எல்லாவற்றுக்கும் ஆமா சொல்லிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டபோதெல்லாம் கிடைக்காதது கேட்காமலே கிடைத்தது.

எங்களுக்கு ஒரே மகள், கிளாரிஸ்ஸா. ஷா ஆலத்தில் டீச்சர். சனிக்கிழமைதோறும் வந்துவிடுவாள். நல்ல பிள்ளைதான், பிடிவாதம் மட்டும் அப்பாவுடையது. "டேடிக்கு ஒண்ணும் புரியல மம்மி, நாமதான் புரியுதுன்னு நெனச்சுக்கிறோம்" என்பாள். புரிகிறது என்பேன் நான். வீட்டுக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் எங்களுக்குள் வழக்கு. நான் என் பக்கத்துக்குச் சாட்சி வைத்திருந்தேன். காலையில் இரண்டு சட்டையை எடுத்து அவர் முன்னால் நீட்டுவேன். நல்லபடியாக இருக்கிற இடது கையை நீட்டி நீலத்தை எடுப்பார். எனக்கும் அன்றைக்கு நீலம்தான் மனதில் இருந்திருக்கும். மீன் குழம்பையும் கோழியையும் காட்டினால், எது அன்றைக்குத் தீர வேண்டுமோ அதையே தொடுவார். முன்பெல்லாம் ஒரு திரைச்சீலை வாங்கப் போனால்கூட எங்களுக்குள் ஒத்துப்போகாது. நோய் வந்த பிறகுதான் இவர் என் மனதைப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்று ஜெபத்தில் நன்றி சொல்லியிருக்கிறேன்.

கிளாரிஸ்ஸாவும் முயற்சி செய்யாமல் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒன்றில் தண்ணீர்க் கோப்பை, ஒன்றில் கழிப்பறை. அவர் எதிரே மண்டியிட்டு, இரண்டையும் பிடித்துக்கொண்டு, "டேடி, தண்ணி எது? காட்டுங்க" என்றாள். அவர் கழிப்பறையை எடுத்து, "ஆமா" என்றார். சாப்பாடு எது என்றாள், சோப்பை எடுத்தார். எத்தனை தடவை கேட்டாலும் அதே கதை. அவள் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"நீ டீச்சர் மாதிரி கேக்குற. அவருக்குப் பரீட்ச எழுதிப் பழக்கமில்ல" என்றேன்.

"அப்ப உங்ககிட்ட மட்டும் எப்படிச் சரியா எடுக்குறாங்க? நீங்க கண்ணால காட்டுறீங்க மம்மி." பேசிக்கொண்டே தேநீர்க் கோப்பையை என்னிடம் நீட்டினாள், இடது கையால்.

"சோத்துக் கையால குடு. பீச்சாங்கையால குடுத்தா வாங்க மாட்டேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

அவள் பிறவி இடதுகைக்காரி. எழுதுவது, வெட்டுவது, நீட்டுவது எல்லாம் அதில்தான். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததுதான் மிச்சம். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "கிள்ளான்ல ஒரு எடம் பாத்திருக்கேன்" என்றாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லமாம். நல்ல இடமாம். ஜனவரியிலிருந்து ஒரு கட்டில் காலியாகிறதாம். நான் அவளோடு ஷா ஆலத்துக்கு வந்துவிட வேண்டுமாம். "உங்க முதுகு போயிடும் மம்மி. அவரத் தூக்கித் தூக்கி நீங்க விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு பாக்குறது?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. "உள்ள ஆள் இருக்கும்போதே வீட்டப் பூட்டச் சொல்றியா?" என்று கேட்டேன்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் விழுந்த இடியில் தெருவே இருண்டது. கரண்ட் திரும்பி வந்த பிறகு வீட்டில் ஏதோ தீய்ந்த நாற்றம். தேடிப் பார்த்தால், அலமாரிக்குப் பின்னால் ரயிலின் அடாப்டர் உருகி ஒரு கருப்புக் கட்டியாகக் கிடந்தது. ரயிலை ஓட்ட இவர் தன் கையாலேயே ஒரு பெட்டி செய்திருந்தார். அதிலுள்ள திருகைத் திருப்பினால் ரயில் மெதுவாகவும் வேகமாகவும் போகும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் ஊட்டுவது சுவரில் மாட்டும் இந்த அடாப்டர்தான். பெட்டி பிழைத்துக்கொண்டது, அடாப்டர் செத்துவிட்டது. மாற்று இருந்திருக்கும். ஆனால் இவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் போட இடம் வேண்டுமென்று கிளாரிஸ்ஸா இவருடைய சாமான் பெட்டிகளையெல்லாம் பழைய இரும்பு லோரிக்குப் போட்டுவிட்டாள்.

ரயில் ஓடாத கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் வந்ததில்லை. கரோல் பாடும் கூட்டம் எந்த வீட்டில் பாட்டைச் சுருக்கினாலும் எங்கள் வீட்டில் ரயில் பார்க்க உட்கார்ந்துவிடும். கிள்ளானுக்கு அனுப்புவதாக இருந்தால் இதுதான் இவருக்கு இந்த வீட்டில் கடைசி கிறிஸ்துமஸ். அதில் ரயிலும் இல்லை என்றால் எனக்குத் தாங்காது. கருப்புக் கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

மின்சாமான் கடையில் ஒரு கூடை நிறைய அடாப்டர் கிடந்தது. எல்லாம் ஒரே கருப்பு. எத்தனை வோல்ட் என்றார் கடைக்காரச் சீனர். தெரியாது என்றேன். எதற்கு என்றார். ரயிலுக்கு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மடிக்கணினிக்குப் போடும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு லிங்கேஸ்வரனைக் கூப்பிட்டேன். ஜெராமில் அவனுக்கு ஒரு குருவி வீடு இருக்கிறது. சூப்புக்கு விற்கும் குருவிக்கூட்டுக்காகக் கட்டிய, ஜன்னல் இல்லாத சிமெண்டுக் கட்டடம். கூடு கட்டக் குருவி வர வேண்டும் என்பதற்காக உள்ளே நாள் முழுக்கக் குருவிச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். அந்தச் சாமான்களோடு மல்லுக்கட்டி அவனுக்குக் கொஞ்சம் கரண்ட் தெரியும். "உன் வீட்டுல குருவி வந்திருச்சாப்பா" என்று கேட்டால், "சத்தம் மட்டும் நல்லா இருக்கு ஆண்டி" என்பான்.

மடிக்கணினி அடாப்டரைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இது டிசிதான், அது சரி. ஆனா வோல்ட் கூட. பெட்டி தாங்காது."

"எவ்ளோ வேணும்னு தெரியலயே."

"அங்கிள் எப்பவாச்சும் வேற எதுலயாவது மாட்டி ஓட்டியிருக்காங்களா? நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி தெரு முழுக்கக் கரண்ட் போனபோது, இவர் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டுவந்து பெட்டியில் மாட்டி ஓட்டினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரயில் ஓடியது. மறுநாள் பூசைக்குப் போகக் கார் கிளம்பவில்லை. அதற்கு நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

லிங்கேஸ்வரன் சிரித்தான். "அப்ப கதை முடிஞ்சிருச்சு. கார் பேட்டரின்னா பன்னெண்டு வோல்ட், டிசி. என் குருவி வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கும் அதே. ஒண்ணு கூடுதலா இருக்கு, எடுத்துட்டு வரேன். ஆம்பியர் அதிகமா இருக்கும், அது பரவால்லலா, ரயில் தனக்கு வேணுங்கறத மட்டும்தான் இழுக்கும். வோல்ட்தான் கூடக் கூடாது." பிறகு குடிலுக்கு மேலே தொங்கும் நட்சத்திர விளக்கின் அடாப்டரைக் காட்டினான். "இத மட்டும் தவறிக்கூட மாட்டிடாதீங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், முனையும் உள்ள போயிரும். இது ஏசி. கரண்ட் முன்னும் பின்னும் ஆடிட்டே இருக்கும். ரயிலுக்கு ஒரே பக்கமா போற கரண்ட் வேணும். இதப் போட்டா பெட்டியும் போயிரும், இன்ஜினும் நகராம உறுமி உறுமி வெந்துரும்."

அடுத்த சனிக்கிழமை கிளாரிஸ்ஸா வந்தபோது, லிங்கேஸ்வரன் கொண்டுவந்த குருவி வீட்டு அடாப்டரும் நட்சத்திர விளக்கின் அடாப்டரும் மேசையில் கிடந்தன. கிள்ளானுக்குச் சரி என்று சொல்லிவிடப் போவதாக அவள் ஆரம்பித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"உங்க டேடி சார்ஜ்மேன். சட்டையில தப்பு பண்ணலாம், சாப்பாட்டுல தப்பு பண்ணலாம். கரண்டுல தப்பு பண்ண மாட்டாரு. ரயிலுக்கு எது மாட்டணும்னு அவரே எடுப்பாரு, பாக்குறியா?"

"தப்பா எடுத்தா?"

"எடுத்தா நீ சொன்ன எடத்துக்கு அனுப்பிடு. நான் வாயத் தொறக்க மாட்டேன். சரியா எடுத்தா, இனிமே கிள்ளான் பேச்ச இந்த வீட்டுல எடுக்காத."

வார்த்தையை விட்டுவிட்டேன். இனித் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் கிளாரிஸ்ஸா முகத்தில் ஏதோ இளகியது. அவளுக்கும் அவர் சரியாக எடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டேன். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உருகிப்போன கட்டியை முதலில் காட்டி, "ஏங்க, இது போயிருச்சு. ரயிலுக்குப் புதுசு மாட்டணும். எது சரின்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன். இரண்டு கையிலும் இரண்டை எடுத்து நீட்டினேன்.

"கண்ண மூடுங்க மம்மி. கண்ணால காட்டக் கூடாது" என்றாள் கிளாரிஸ்ஸா.

மூடிக்கொண்டேன். மாதாவைக் கூப்பிட்டேன். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வீடே அதிரப் போனது. பிறகு என் கையிலிருந்து ஒன்று இழுபட்டது.

கண்ணைத் திறந்தேன். குருவி வீட்டு அடாப்டர் அவர் மடியில் இருந்தது. "ஆமா" என்றார்.

கிளாரிஸ்ஸா நம்பவில்லை. இன்னொரு தடவை என்றாள். திரும்ப வாங்கி, திரும்ப நீட்டி, திரும்பக் கண்ணை மூடினேன். அதையே எடுத்தார். மூன்றாவது முறையும் அதையேதான். கிளாரிஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "சாரி டேடி, சாரி டேடி" என்று அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. எனக்கு அப்படி ஒரு திமிர் வந்தது. வழக்கில் ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும்?

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிளக்கை நானே சுவரில் மாட்டினேன். திருகைத் திருப்பினேன். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. மூன்று ராஜாக்களும் ஆடிக்கொண்டே பாலனைத் தாண்டிப் போனார்கள். இவர் முகம் அப்படியே மலர்ந்தது. ரயில் வலது பக்கம் ஆலையைச் சுற்றிவிட்டு மறுபடியும் குடிலுக்கு வரும்போது மறுபடியும் மலர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும், அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல. "பாரு, எப்படி ரசிக்கிறாரு பாரு" என்றேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கரோல் கூட்டம் வந்தபோது, அடாப்டரை அவரே தேர்ந்தெடுத்த கதையை ஒருவர் விடாமல் சொன்னேன். நீலச் சட்டையில் அவர் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆமா சொன்னார். நான் அவருடைய வலது பக்கத்தில், செத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவக்காலத்திலிருந்து எனக்கு அதுதான் இடம்.

கிளாரிஸ்ஸா புது வருடப் பூசைக்கு இருந்துவிட்டுப் பள்ளி வேலை இருக்கிறது என்று கிளம்பினாள். கிள்ளானுக்குத் தானே போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

அவள் போன மறுநாள் காலையில், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவர் சரிந்தார். விடாமல் தாங்கிப் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை. என் வலது மணிக்கட்டுதான் பிசகிக்கொண்டது. தைலம் தேய்த்துத் துணி சுற்றிக்கொண்டேன். விரல் மடங்கியது, பாரம் தாங்கவில்லை. மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும் என்று காபி கலக்கினேன். கோப்பையை வலது கையால் தூக்க முடியவில்லை. இடது கையில் கோப்பையையும் வலது கையில் வாய் துடைக்கிற துண்டையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"பீச்சாங்கையால தரேன், கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

அவர் இடது கை நீண்டது. துண்டைப் பிடித்தது.

"அது இல்ல, காபி இந்தப் பக்கம்" என்று சிரித்தேன். அவர் துண்டை வாய்க்குக் கொண்டுபோனார். உதட்டில் வைத்து உறிஞ்சினார். ஒன்றும் வராததால் இன்னும் கொஞ்சம் உறிஞ்சினார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா" என்றார்.

காபிக் கோப்பையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை. அங்கே கோப்பை என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

கோப்பையைக் கீழே வைத்தேன். போய் நட்சத்திர விளக்கைப் பிடுங்கினேன், ரயிலையும் பிடுங்கினேன். இரண்டு அடாப்டரையும் கொண்டுவந்து நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டிவிட்டேன். கிளாரிஸ்ஸா இல்லாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டேன். ரயிலுடையது இடது கையில், நட்சத்திரத்துடையது வலது கையில். வலது கையிலிருந்து இழுபட்டது.

மாற்றிப் பிடித்தேன். வலது கையிலிருந்துதான் இழுபட்டது. சட்டைகளை எடுத்துவந்தேன். நீலத்தை இடது கையில் பிடித்தேன், பழுப்பை எடுத்தார். மாற்றினேன், நீலத்தை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆமா.

எதிரே உட்காருகிறவளின் வலது கை, உட்கார்ந்திருப்பவருக்கு இடது பக்கம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். டாக்டர் வலது பக்கம் போய்விட்டது என்று சொன்னபோது, கையும் காலும் மட்டுமல்ல, அந்தப் பக்கத்து உலகமும் சேர்ந்து போய்விட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. நல்லதை, சரியானதை, நான் கொடுக்க நினைத்ததை எல்லாம் வலது கையில்தான் பிடித்திருந்தேன். வேறு எப்படிக் கொடுப்பேன்? புருஷனுக்கு எதையாவது பீச்சாங்கையால் கொடுத்திருக்கிறேனா? கிளாரிஸ்ஸா இடதுகைக்காரி, சரியான அட்டையை இடது கையில் பிடித்தாள். அவளுக்குக் கழிப்பறை வந்தது. எனக்கு நீலச் சட்டை வந்தது. அவர் என் மனதைப் படிக்கவில்லை. இத்தனை மாதமும் இந்த வீட்டில் நான் என்னோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியும் விட மனமில்லை. பார்க்காத பக்கத்தில் இருப்பதை எப்படி எடுப்பார், அது அவர் குற்றமா என்று எனக்கு நானே வாதாடினேன். இரண்டு அடாப்டரையும் அவருடைய இடது பக்கத்திலேயே, மேசையில், ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக வைத்தேன். "ஏங்க, ரயிலுக்கு எது? ரயிலுக்குங்க. ஏசிய மாட்டுனா வெந்துரும்னு உங்களுக்குத் தெரியும்ல. கரண்ட் உங்க டிபார்ட்மெண்ட்" என்றேன். கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். இடம் மாற்றி வைத்தேன். கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். "ஆமா" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வார்த்தைக்குள் எதுவும் இல்லை என்று கேட்டேன்.

ரயிலைத் திரும்ப மாட்டினேன். ஏன் மாட்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மாட்டினேன். இந்தத் தடவை ரயிலைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்தேன். குடிலைத் தாண்டும் வரை கண் கூடவே போனது. பலகையின் பாதியைக் கடந்ததும் நின்றது. ரயில் ஆலைப் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்போது முகம் ஒன்றுமில்லாமல் இருந்தது. மறுபடி குடிலுக்கு வந்ததும் மலர்ந்தது. அவர் ரசிக்கவில்லை. அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது புது ரயில். தன் கையால் செய்த ஆலை அவருக்கு இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் இல்லை.

எழுந்து போய் அவருடைய இடது பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ரயிலுக்கு மலர்ந்த அதே மலர்ச்சி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திமிர் பிடித்து அன்றைக்கு மிச்சம் வைத்ததையும் சேர்த்து அழுதேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

போன் அடித்தது. கிளாரிஸ்ஸா. பள்ளிக்கூட இரைச்சல் பின்னால் கேட்டது.

"மம்மி, டேடி எப்படி இருக்காங்க? கை வலி எப்படி?"

காலையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டதில், கை பிசகியதை வாய் தவறிச் சொல்லியிருந்தேன். "பரவால்ல" என்றேன்.

"கிள்ளான்ல இருந்து திரும்பப் போன் பண்ணாங்க. அந்தக் கட்டிலுக்கு வேற ஒருத்தர் காத்துட்டு இருக்காங்களாம். குடுத்துட்டா இனிமே எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாதாம். குடுத்துடச் சொல்லவா?"

என் வலது கை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் இந்தக் கையை வைத்துக்கொண்டு அவரை எப்படித் தூக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நாளை மறுநாளும் தெரியப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் அவள் சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். திட்டமாட்டாள், என்னைக் கட்டிக்கொள்வாள். பிறகு அவரைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய்விடுவோம். அங்கே யாரோ ஒருத்தி எந்தக் கையால் நீட்டினால் எதை எடுப்பார் என்று தெரியாமலே நீட்டிக்கொண்டிருப்பாள்.

"மம்மி? இருக்கீங்களா? எனக்கு ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க, மனசு கேக்க மாட்டேங்குது. அன்னிக்கு அந்த அடாப்டர டேடியேதான எடுத்தாங்க? நீங்க எதையும் காட்டலதான?"

ரயில் ஆலைக்குப் பின்னால் போயிருந்தது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

"ஆமா" என்றேன்.

"தேங்க்ஸ் மம்மி. அப்ப குடுத்துடச் சொல்லிடறேன்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

காபி ஆறிப்போயிருந்தது. கொண்டுபோய்ச் சூடாக்கினேன். மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையால் கோப்பையைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.